கிக்கர் சும்மா இறங்கினால் முதலில் கிளச்சைப் பாருங்கள்: பழைய ஸ்பிளெண்டர் ஒன்றைத் திருத்திய பதிவு

மாமாவின் ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டர் மோட்டார் சைக்கிளில் இரண்டு கோளாறு என்று சொல்லித்தான் என்னிடம் விட்டார். ஒன்று, ஸ்டார்ட் ஆவதில்லை. மற்றது, கடைசியாக ஓடிய காலத்தில் மேட்டில் இழுக்கவில்லை. திருகோணமலைக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் மலைக்கு ஏறும்போது எஞ்சின் கத்தும், வண்டி முன்னுக்குப் போகாது. இரண்டையும் தனித்தனி நோயாக நினைத்து, முதலில் ஸ்டார்ட் ஆக்கு, கிளச்சைப் பிறகு பார்க்கலாம் என்பது அவருடைய எண்ணம். இந்த எஞ்சினில் அந்த வரிசை சரிவராது. கிளச்சைச் சரிசெய்யாமல் இதை ஸ்டார்ட் ஆக்க மினக்கெடுவது வீண் வேலை. ஏன் என்று விளக்கமாக எழுதுகிறேன். இதே வகை வண்டி வைத்திருக்கும் பலர், பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேற்றரைத் திரும்பத் திரும்பக் கழற்றிக் கழுவிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

வண்டியைப் பற்றி இரண்டு வரி. 97.2 சிசி, 50 மில்லிமீற்றர் போர் (சிலிண்டரின் விட்டம்), 49.5 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), ஒற்றைச் சிலிண்டர், நாலு கியர். இந்தியாவில் 1994 இல் வந்த மொடல். சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருக்கும். 1958 இல் தொடங்கிய ஹொண்டா சூப்பர் கப் வழிவந்த வடிவம். நிறுவனத்தின் பெயர் 2011 இல் ஹீரோ மோட்டோகோர்ப் என்று மாறிவிட்டாலும் பார்ட்ஸுக்குக் குறைவில்லை, திருகோணமலை நகரத்துக் கடைகளிலேயே எடுக்கலாம். பழைய வண்டியை வைத்திருப்பதில் எனக்குள்ள பெரிய தைரியமே அதுதான்.

மாமா இருப்பது சாம்பல்தீவு. வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். நிலாவெளி வீதியில் வருடக்கணக்காக ஓடிய வண்டி இது. பிறகு கிடுகுக் கொட்டிலில் நின்றுவிட்டது. 2022 இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்து, கியூஆர் கோட் முறையில் அளந்து கொடுத்த காலத்தில், கிடைத்த பெற்றோலை வீட்டில் நின்ற வான் வண்டிக்கே அடித்தார்கள். அப்போது ஓரம் கட்டியதுதான். அதற்குப் பிறகு எப்போதாவது எடுத்து ஓடியிருக்கிறார்கள், ஒழுங்காகப் பாவிக்கவில்லை. மாரியில் வாடைக் காற்று ஈரத்தையும் உப்பையும் சேர்த்துக் கொண்டுவரும். வெயில் காலத்தில் கச்சான் அடிக்கும், புழுதி வரும். கடலுக்குத் தூரத்தில் நிற்கும் வண்டிக்கும் கடற்கரையில் நிற்கும் வண்டிக்கும் கோளாறு வரும் இடங்களே வேறு. உப்புக்காற்றுப் பட்ட வண்டியில் முதலில் போவது கேபிள்கள், பிளக் மூடி, எர்த் பிடிக்கும் இடங்கள், டாங்கியின் உட்புறம். இந்த நாலும் இதில் போயிருந்தன.

முதலில் உதைத்துப் பார்த்தேன். நியூற்றலில் வைத்துக் கிக்கரை மெதுவாகக் கையால் அழுத்தினால் கொஞ்ச தூரம் எதிர்ப்புத் தெரிகிறது, பிறகு சடக்கென்று இறங்குகிறது. வேகமாக உதைத்தால் அடிவரை வெறுமையாகப் போகிறது. எஞ்சின் ஒரு சுற்றுக்கூட ஒழுங்காகச் சுற்றவில்லை. மாமா பக்கத்தில் நின்று, “கிக்கர் பல்லு தேஞ்சிட்டு மருமகன், அதை மாத்து” என்றார். அப்படியும் இருக்கலாம். கிக்கர் இப்படி இறங்குவதற்கு மூன்று காரணம் உண்டு: சிலிண்டரில் கம்பிரஷன் (பிஸ்டன் மேலே வரும்போது காற்று அழுத்தப்படுவது) இல்லை, அல்லது கிக்கரின் உள்ளே ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் ராட்செட் பற்கள் பிடிக்கவில்லை, அல்லது கிளச் வழுக்குகிறது. எஞ்சினைப் பிரிக்காமலே இந்த மூன்றையும் பிரித்தறியலாம்.

மூன்றாவது காரணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். கிக்கருக்கும் கிளச்சுக்கும் என்ன தொடர்பு? கிளச் என்பது ஒன்றோடொன்று அழுத்தி நிற்கும் பிளேட்டுகளால் எஞ்சினையும் கியர்பெட்டியையும் சேர்த்தும் பிரித்தும் விடும் பகுதி. ஸ்பிளெண்டரில் கிக்கரின் சக்தி நேராகக் கிராங்குக்கு, அதாவது பிஸ்டனை அசைக்கும் தண்டுக்கு, போவதில்லை. கிக்கர் தண்டு கியர்பெட்டியின் பல்லைச் சுற்றுகிறது, அந்தப் பல் கிளச்சின் நடுப்பகுதி பூட்டிய தண்டைச் சுற்றுகிறது, அங்கிருந்து கிளச் பிளேட்டுகள் வழியாக வெளிக்கூடைக்கும், கூடையிலிருந்து கிராங்குக்கும் போகிறது. நாங்கள் காலால் கொடுக்கும் உதை முழுவதும் கிளச் பிளேட்டுகளைத் தாண்டித்தான் பிஸ்டனைத் தள்ளவேண்டும். பிளேட் வழுக்கினால், பிஸ்டன் கம்பிரஷனில் போய் முட்டும் இடத்தில் கிளச் விட்டுக்கொடுத்துவிடும், கிக்கர் சும்மா இறங்கும். இதனால்தான் இந்த வண்டியைக் கியரில் வைத்துக் கிளச்சைப் பிடித்துக்கொண்டு உதைத்து ஸ்டார்ட் ஆக்க முடியாது, நியூற்றலுக்கு வந்தே ஆகவேண்டும்.

வேறு பல மோட்டார் சைக்கிள்களில் கிக்கர் கிளச்சின் வெளிக்கூடையிலேயே நேராகப் போய்ச் சேரும். அவற்றில் கிளச் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் கிக்கர் பிடிக்கும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாவிட்டால், நியூற்றலில் வைத்துக் கிளச் லீவரை முழுவதும் பிடித்துக்கொண்டு கிக்கரை அழுத்திப் பாருங்கள். வெறுமையாக இறங்கினால் இந்த வகை. எதிர்ப்பு அப்படியே இருந்தால் மற்ற வகை, அதில் கிக்கர் வழுக்குவதற்குக் கிளச்சைக் குறை சொல்ல முடியாது.

சரி, பரிசோதனைக்கு வருவோம். இடப்பக்கக் கவரில் இரண்டு மூடி இருக்கும்: நடுவில் பெரியது, மேலே சிறியது. இரண்டையும் கழற்றினால் நடுவில் ஃபிளைவீலின் (கிராங்கோடு சுற்றும் பாரச் சக்கரம்) நட்டும், மேல் ஓட்டையில் ஃபிளைவீலின் விளிம்பும் தெரியும். நட்டில் சொக்கற் ஸ்பனரை மாட்டி, சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் திசையிலேயே, அதாவது இடப்பக்கத்திலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றினேன். ஒரு இடத்தில் கை நன்றாக இறுகியது. தாண்டியதும் விட்டது. கம்பிரஷன் இருக்கிறது, முதல் காரணம் இல்லை. அடுத்து மாமாவின் மகனைக் கிக்கரை உதைக்கச் சொல்லிவிட்டு மேல் ஓட்டையில் டோர்ச் அடித்துப் பார்த்தேன். கிக்கர் இறங்குகிறது, ஃபிளைவீல் கொஞ்சம் அசைந்து நிற்கிறது.

இனி ராட்செட்டா கிளச்சா என்பதுதான் கேள்வி. சாவியை மூடி வைத்து, நாலாவது கியரில் போட்டு, கிளச்சைப் பிடிக்காமல் வண்டியைத் தள்ளினோம். இந்த வழியில் கிக்கர் பற்களுக்கு வேலையே இல்லை. பின்சக்கரம், கியர்பெட்டி, கிளச், கிராங்க் என்று போகும். நல்ல கிளச் என்றால் ஒவ்வொரு கம்பிரஷனுக்கும் வண்டி இடறி இடறிப் போகவேண்டும். இது ஒரே சீரான இழுவையோடு உருண்டது. ஃபிளைவீல் கம்பிரஷனில் முட்டி நின்றுவிட, சக்கரம் மட்டும் போகிறது. கிக்கர் பல் தப்பித்தது. கிளச்தான்.

கிளச் வழுக்குகிறது என்று தெரிந்த உடனே பிளேட் வாங்க ஓட வேண்டாம். காசு செலவில்லாத இடம் கேபிள். லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை இளக்கம் இருக்கவேண்டும். இதில் இளக்கமே இல்லை, இழுத்துக் கட்டிய கம்பி மாதிரி இறுக்கம். இளக்கம் இல்லாவிட்டால் நாங்கள் கையை எடுத்த பிறகும் கேபிள் கிளச்சைக் கொஞ்சம் பிடித்தபடியே இருக்கும். ஸ்பிரிங்குகளால் பிளேட்டுகளை முழுப் பலத்தோடு அழுத்த முடியாது. கீழே, வலப்பக்கக் கவரில் இருக்கும் கிளச் கையில் இருந்து கேபிளை முழுவதும் கழற்றிவிட்டுத் திரும்பத் தள்ளிப் பார்த்தேன். கேபிள் இல்லாமலும் வழுக்கினால் கோளாறு உள்ளே என்று அர்த்தம். வழுக்கியது, ஆனால் முன்னைவிடக் குறைவாக. கேபிளிலும் பிழை, உள்ளேயும் பிழை.

கழற்றிய கேபிளின் இரண்டு முனையையும் கையால் பிடித்து இழுத்தபோது நடுவில் ஒரு இடத்தில் மணலை அரைப்பது போன்ற தடை. வெளியுறை வெடித்து, உப்புத்தண்ணீர் இறங்கி, உள்ளே துரு ஊதியிருக்கிறது. இப்படி ஆன கேபிளுக்கு ஒயில் விட்டுக் காப்பாற்றப் பார்ப்பதை நான் ஏற்கமாட்டேன். ஓட்டத்தில் அறுந்தால் எஞ்சின் அணையாமல் வண்டியை நிறுத்த முடியாமல் போகும். புதுக் கேபிள் விலை பெரிதில்லை. ஆனால் புதுக் கேபிளுக்கு மாட்டும் முன்னமே ஒயில் விடவேண்டும், கடற்கரைக்காரர்கள் கட்டாயம் விடவேண்டும். ஷொப்பிங் பையில் ஒரு துண்டை வெட்டி, கேபிளின் மேல் முனையில் கூம்பாகச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டி, கேபிளை நிமிர்த்தித் தொங்கவிட்டு, கூம்புக்குள் கொஞ்சம் எஞ்சின் ஒயில் ஊற்றினால், விடிவதற்குள் கீழ்முனையில் சொட்டத் தொடங்கும். அவ்வளவுதான்.

அடுத்தது ஒயில். அடி போல்ட்டைக் கழற்றி வடித்தேன். எஞ்சின் ஓடாததால் சூடாக்கி வடிக்க வழியில்லை; ஒரு இரவு அப்படியே விட்டேன். நல்ல கறுப்பு, ஆனால் தண்ணீர் கலந்த பால் நிறம் இல்லை. இதுக்கு என்ன ஒயில் விட்டீர்கள் என்று மாமாவைக் கேட்டால், “வானுக்கு வாங்கினதில மிச்சம் கிடந்தது, நல்ல விலை கூடின ஒயில்தான்” என்று போத்தலைக் கொண்டுவந்து காட்டினார். நல்ல ஒயில்தான், காருக்கு. போத்தலின் பின்பக்கத்தில் ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம்) வட்டம் ஒன்று அச்சிட்டிருக்கும். அதன் மேல் வளைவில் தரம், நடுவில் தடிப்பு இலக்கம், கீழ் வளைவில் சிலவற்றில் எரிபொருள் சேமிப்பைக் குறிக்கும் சொற்கள் இருக்கும். இந்தப் போத்தலில் அந்தக் கீழ் வளைவு நிரம்பியிருந்தது. அப்படிப்பட்ட ஒயிலில் உராய்வைக் குறைக்கும் இரசாயனம் சேர்ப்பார்கள். காரில் கிளச் வெளியே, காய்ந்த இடத்தில் இருக்கிறது, அதற்கு இதனால் கெடுதல் இல்லை. மோட்டார் சைக்கிளில் எஞ்சின், கியர்பெட்டி, கிளச் மூன்றும் ஒரே ஒயிலில் குளிக்கின்றன. கிளச் பிடிப்பதே உராய்வால்தான். அந்த உராய்வைக் குறைக்கும் ஒயிலை அதற்கே ஊற்றினால் என்ன நடக்கும்?

இதற்காகத்தான் யப்பானில் ஜாசோ என்ற தர அமைப்பு 1998 இல் மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கென்று ஒரு தர அளவைக் கொண்டுவந்தது. போத்தலில் ஜாசோ எம்.ஏ. என்று இருந்தால் ஒயிலில் ஊறும் கிளச்சுக்கு ஏற்றது. எம்.பி. என்று இருந்தால் உராய்வு குறைந்தது, பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டர்களுக்கானது. கடையில் இரண்டு போத்தலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், நிறம்கூட ஒன்றாக இருக்கும். ஒயில் வாங்கும்போது எழுத்தைப் படித்து வாங்குங்கள். தடிப்பு 10டபிள்யூ-30 போட்டேன்.

புது ஒயிலை மட்டும் ஊற்றிப் பார்த்திருக்கலாம். சில வண்டிகளில் அதுவே போதும். இதில் வழுக்கலோடு மேடு ஏறியும் ஓடியிருக்கிறார்கள், அதனால் பிளேட் கட்டாயம் வெந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக் கவரைத் திறந்தேன்.

வலப்பக்கக் கவரைக் கழற்ற முன் சைலன்சர், கால் மிதி, கிக்கர் மூன்றும் போகவேண்டும். சைலன்சர் பூட்டும் ஸ்டட்டுகள் சிலிண்டர் தலையில் துருவோடு ஒன்றாகியிருந்தன. இங்கே அவசரம் வேண்டாம். ஸ்டட் உடைந்தால் தலையைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோக வேண்டிவரும். முதல் நாள் மாலை துரு இளக்கும் ஸ்பிரே அடித்து, மறுநாள் காலை திரும்ப அடித்து, நட்டைச் சிறு சுத்தியலால் தட்டி, கழற்றும் பக்கம் கொஞ்சம், இறுக்கும் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டி ஆட்டி எடுத்தேன். கவரின் போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. மட்டை ஒன்றில் கவரின் உருவத்தைக் கீறி, எந்த போல்ட் எங்கே இருந்ததோ அங்கேயே குத்தி வைத்தால் பூட்டும்போது குழப்பம் வராது. பக்கிங் கடதாசி ஒட்டியிருந்தால் ஸ்குறூ ட்ரைவரால் சுரண்டாதீர்கள், அலுமினியத்தில் கீறல் விழுந்தால் ஒயில் கசியும். பிளாஸ்டிக் துண்டும் மண்ணெண்ணெயும் போதும்.

உள்ளே கிளச்சுக்கு முன்னால் கிராங்கின் முனையில் ஒரு வட்டக் கிண்ணம் தெரியும். இது ஒயில் வடி. கடதாசி வடி இல்லை. கிராங்கோடு சேர்ந்து சுழல்வதால் பாரமான அழுக்கு வெளிச்சுவருக்கு எறியப்பட்டு அங்கே ஒட்டிக்கொள்கிறது, சுத்தமான ஒயில் நடுவால் போகிறது. அருமையான ஏற்பாடு, மாற்றவேண்டிய தேவையே இல்லை, ஆனால் யாராவது எப்போதாவது திறந்து துடைக்கவேண்டும். மூடியைத் திறந்தபோது குரக்கன் களி போலக் கறுப்பாகத் தடித்துப் படிந்திருந்தது. ஒயில் மாற்றுபவர்கள் கவரைத் திறப்பதில்லை என்பதால் இது அநேகமான வண்டிகளில் வருடக்கணக்காக அப்படியே இருக்கும். கிளச் வேலைக்கு என்று கவரைக் கழற்றினால் இதையும் துடைத்துவிடுங்கள். கீழே உள்ள வலை வடியையும் எடுத்துக் கழுவுங்கள்.

கிளச்சின் ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவேண்டும். ஒன்றை முழுவதும் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் மேல்தட்டு சரிந்து போல்ட் பூட்டும் காது உடையும். அதன்பிறகு நடுவில் பள்ளம் வெட்டிய நட் ஒன்று இருக்கிறது. சாதாரண ஸ்பனர் எதுவும் பொருந்தாது. உளியையும் சுத்தியலையும் வைத்துத் தட்டிக் கழற்றுபவர்கள் உண்டு. நட்டின் பள்ளமெல்லாம் சிதைந்த எஞ்சின்களைப் பார்த்திருக்கிறேன், அப்படிச் செய்ய எனக்கு மனம் வராது. கிண்ணியாவில் எனக்குத் தெரிந்த நானா ஒருவர் கராஜ் வைத்திருக்கிறார், நாலு பல்லுச் சாவி அவரிடம் இருக்கிறது. பாலத்தைத் தாண்டிப் போய் வாங்கிவந்தேன். சாவியைத் தந்தபோது அவர் சொன்னது பயனுள்ளது: “தம்பி, நட்டுக்குக் கீழ இருக்கிற வொஷர்ல எந்தப் பக்கம் வெளிய இருந்ததெண்டு பார்த்துக்கங்க. மாறிப் போட்டா நட் இளகிரும்.” பார்த்தேன், படமும் எடுத்தேன்.

உராய்வுப் பிளேட்டுகள் மினுமினுவென்று கறுத்திருந்தன. புதுப் பிளேட்டில் கை வைத்தால் கடதாசி போலச் சொரசொரப்பு இருக்கும், இதில் நகம்கூடப் பிடிக்கவில்லை. வெர்னியரால் அளந்து, புதிதாக வாங்கியவற்றோடு ஒப்பிட்டால் தடிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. பிளேட் தேயவில்லை, வெந்து கண்ணாடியாகிவிட்டது. அரத்தாளில் தேய்த்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கித் திரும்பப் போடலாம் என்று சொல்வார்கள். அவசரத்துக்கு ஓடும், ஆனால் ஒயிலும் சூடும் உள்ளே இறங்கிய பிளேட் நிலைக்காது. இவ்வளவு கழற்றிய பிறகு புதியது போடுவதுதான் நியாயம்.

இரும்புப் பிளேட்டுகளை ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் ஒவ்வொன்றாக வைத்து, விளிம்பில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்த்தேன். ஒன்று வளைந்திருந்தது, சூட்டில் நீலமும் பாய்ந்திருந்தது. அதையும் மாற்றினேன். ஸ்பிரிங்குகளைப் புதியவற்றின் பக்கத்தில் நிறுத்தினால் கண்ணுக்கே தெரியும் அளவுக்குக் குட்டையாகியிருந்தன, எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றவேண்டும். வெளிக்கூடையின் விரல்களில் பிளேட்டின் காதுகள் இடித்த சிறு பள்ளங்கள் இருந்தன; மெல்லிய அரத்தால் மட்டமாக்கினேன். அந்தப் பள்ளங்கள் ஆழமாக இருந்தால் பிளேட் அதில் மாட்டிக்கொண்டு கிளச்சைப் பிடித்தாலும் விடாமல் இழுக்கும், அப்போது கூடையையே மாற்றவேண்டும். தள்ளுதண்டு வந்து முட்டும் சிறு பெயாரிங்கையும் விரலால் சுற்றிப் பாருங்கள், இதில் நன்றாக இருந்தது. புது உராய்வுப் பிளேட்டுகளைப் புது எஞ்சின் ஒயிலில் சில மணிநேரம் ஊறவைத்துப் பூட்டவேண்டும். காய்ந்த பிளேட் முதல் ஓட்டத்திலேயே எரியும்.

பூட்டி, ஒயில் ஊற்றி, கேபிளில் இளக்கம் வைத்து, நியூற்றலில் கிக்கரை அழுத்தினேன். கால் கம்பிரஷனில் முட்டி நின்றது! கம்பிரஷனைத் தாண்ட உடம்புப் பாரத்தைக் கொடுக்கவேண்டியிருந்தது. மாமாவைக் கூப்பிட்டு அவரையும் அழுத்தச் சொன்னேன்.

வண்டி இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை. ஆனால் இப்போதுதான் எஞ்சின் உண்மையில் சுற்றுகிறது, மற்றக் கோளாறுகளைத் தேடுவதற்கு அர்த்தம் வந்திருக்கிறது.

பிளக்கைக் கழற்றி, மூடியில் மாட்டி, உலோகத்தை எஞ்சினில் தொடவைத்து உதைத்தால் மஞ்சளாக, மெலிந்த பொறி, அதுவும் விட்டுவிட்டு. இதைச் செய்யும்போது காபரேற்றரில் பெற்றோல் ஒழுக்கு இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள், பிளக் ஓட்டையிலிருந்தும் முகத்தைத் தள்ளி வையுங்கள். புதுப் பிளக் போட்டும் பொறி மாறவில்லை. பிளக் மூடியைத் திருகிக் கழற்றியபோது உள்ளே பச்சைப் பூஞ்சணம், உப்புக்காற்றின் வேலை. இப்படிப்பட்ட மூடிக்குள் பெரும்பாலும் 5 கிலோ ஓம் அளவில் ஒரு தடை இருக்கும். மல்ட்டிமீற்றர் வைத்தால் இதில் வாசிப்பே வரவில்லை. மூடியை மாற்றி, பொறிக்கான மின்சாரத்தைக் கொடுக்கும் கொயிலிலிருந்து வரும் தடித்த வயரின் முனையில் கறுத்த துண்டை நறுக்கிவிட்டுப் புதுச் செம்பில் திருகினேன். கொயிலைச் சட்டத்தில் பூட்டும் போல்ட்டைக் கழற்றித் துருவை அரத்தாளால் தேய்த்தேன், எர்த் அந்த வழியாகத்தான் வருகிறது. பொறி நீலமாக, சத்தத்தோடு பாய்ந்தது. பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர்.

பெற்றோல் பக்கம் எதிர்பார்த்ததுதான். காபரேற்றரின் அடிக் கிண்ணத்தில் உள்ள திருகைத் திறந்து கண்ணாடிக் குவளையில் பிடித்தால், கீழே தண்ணீர் குமிழாகத் தனியே நின்றது, அதற்குள் செந்நிறத் துரு. பாதி வெறுமையாக நிற்கும் டாங்கிக்குள் ஈரக்காற்று போய் இரவில் குளிர்ந்து வேர்க்கிறது, அந்தத் தண்ணீர் அடியில் தேங்கி இரும்பைத் தின்கிறது. டாங்கியைக் கழற்றி, கழுவிய சிறு கூழாங்கற்களையும் மண்ணெண்ணெயையும் போட்டுக் குலுக்கி, ஊற்றி, பிறகு வினாகிரி நிரப்பி இரவு முழுவதும் வைத்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்தேன். காய்ந்த உடனே கொஞ்சம் பெற்றோலில் ஒயில் கலந்து உள்ளே எல்லாப் பக்கமும் படும்படி சுழற்றவேண்டும். தாமதித்தால் கழுவிய இரும்பு அன்றைக்கே திரும்பத் துருப்பிடிக்கும்.

காபரேற்றரில் பெற்றோல் போகும் ஜெட்டுகளில் பெரியது சுத்தம். ஐடிலில் பெற்றோல் கொடுக்கும் சிறிய பைலட் ஜெட்டின் மயிரிழை ஓட்டை அடைந்திருந்தது. சொக் (காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டும் மூடி) போட்டால் கொஞ்சம் ஓடி, சொக்கை எடுத்ததும் நிற்கும் வண்டிகளில் அநேகமாக இதுதான் காரணம். இரும்புக் கம்பியால் குத்தினால் பித்தளை ஓட்டை பெரிதாகிப் பெற்றோல் குடிக்கத் தொடங்கும். காபரேற்றர் ஸ்பிரேயும் பல் இடுக்குத் துலக்கும் நைலோன் நூலும் போதும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒரு புள்ளி தெரியவேண்டும்.

இவ்வளவு வந்ததற்கு வால்வு இளக்கத்தையும் பார்த்தேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் ஃபிளைவீலின் டி அடையாளம் நேரே வந்து, வால்வைத் தள்ளும் இரண்டு ரொக்கரும் இளகி இருக்கும் நிலையில், 0.05 மில்லிமீற்றர். எக்ஸோஸ்ட் பக்கம் அந்தத் தகடு நுழையவே இல்லை. இன்னும் இறுகியிருந்தால் வால்வு முழுவதும் மூடாமல், சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுக்கும். இரண்டையும் சரிசெய்தேன்.

புதுப் பெற்றோல் ஊற்றி, சொக் இழுத்து, சாவி போடாமல் இரண்டு தரம் மெதுவாகச் சுற்றிவிட்டு, சாவி போட்டு உதைத்ததும் பிடித்தது. ஐடில் 1400 அளவில் நிற்க வைத்தேன்.

கிளச் பரிசோதனைக்கு நிலாவெளி வீதிக்கு எடுத்துப் போனேன். மூன்றாம் கியரில் நிதானமாகப் போகும்போது அக்சிலேற்றரைச் சட்டென்று முறுக்கிப் பார்க்கவேண்டும். சத்தம் முதலில் ஏறி, வேகம் பின்னால் வந்தால் வழுக்கல் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக ஏறின. நின்ற இடத்தில் கிளச்சைப் பிடித்து முதல் கியர் போட்டால் வண்டி ஊரக்கூடாது, ஊரவில்லை. அப்புறம் மாமாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோணேசர் மலைக்குப் போனோம். அவர் வண்டியைக் கைவிட்ட அதே ஏற்றத்தை இரண்டாம் கியரிலேயே ஏறியது.

புதுப் பிளேட்டுகள் சில நூறு கிலோமீற்றரில் படிந்து உட்காரும், அப்போது லீவரின் இளக்கம் குறையும். மாமாவுக்கு அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன்: நுனியில் ஒரு விரல் தடிப்பளவு ஆடவேண்டும், ஆடாவிட்டால் கீழ் நட்டைத் தளர்த்தி விடவேண்டும். பழைய பிளேட்டின் தூளைக் கொண்டுபோக வேண்டும் என்பதால் முதல் ஒயிலை வழமையைவிட வேளைக்கே மாற்றப்போகிறேன். வான் ஒயில் போத்தலைக் கொட்டிலின் மற்றப் பக்கத்துக்கு மாற்றி, ஸ்பிளெண்டருக்கு உரிய ஒயிலின் மூடியில் பெயின்ற்றால் எழுதி வைத்தாயிற்று. மிச்சம் இருப்பது பின் பிரேக் ஷூவும் செயினும். நானாவின் சாவியைத் திருப்பிக் கொடுக்கக் கிண்ணியாவுக்குப் போகும்போது அந்த இரண்டையும் வாங்கிவருவேன்.